தீராச் சோர்வும் அவசரத் தீர்ப்பும்

மருத்துவம் அறியாத நோய்கள் பல உண்டு. அறியாமை மருத்துவத்துக்கு இழுக்கன்று. அறியாததைத் தேடுவதே அதன் தொழில். ஆனால், தனக்கு விளங்காத ஒன்றை நோயாளியின் மனக்குறை என்று எழுதிக் கையொப்பமிட்டு ஒதுக்கிவிடும் பழக்கமும் மருத்துவத்துக்கு நெடுங்காலமாக உண்டு. அப்பழக்கத்தின் விலையை அரை நூற்றாண்டுக்கு மேலாகச் செலுத்தி வருபவர்கள் நாட்பட்ட சோர்வு நோய்க்கு ஆளானவர்கள். மயால்ஜிக் என்செபலோமைலிடிஸ் என்றும், சுருக்கமாக எம்.ஈ. என்றும் வழங்கும் இந்நோயைப் பற்றிய பூசல் இன்னும் ஓயவில்லை. எதனைச் சான்றெனக் கொள்வது, அச்சான்றை அளக்கும் கோல் யார் கையில் இருப்பது, அளந்தது பிழையானால் பொறுப்பேற்பவர் யார் என்பனவே அப்பூசலின் அடியில் கிடக்கும் வினாக்கள். பிரித்தானியாவில் அப்பூசல் நடந்த வகை எந்நாட்டு மருத்துவத்துக்கும் பாடமாகத் தக்கது.

முதலில் நோயை அறிவோம். பகலெல்லாம் உழைத்தவர் இரவில் உணரும் அயர்வுக்கும் இதற்கும் பெயரளவில்தான் உறவு. பெரும்பாலும் ஒரு காய்ச்சலை அடுத்துத் தொடங்குகிறது. காய்ச்சல் நீங்கினாலும் உடல் பழைய நிலைக்கு மீள்வதில்லை. உறங்கி எழுந்தாலும் உறங்கிய பயன் இல்லை. நினைவு தடுமாறும், படித்த வரி மனத்தில் தங்காது, எழுந்து நின்றால் தலை சுற்றும், நெஞ்சு படபடக்கும். இவை அனைத்துக்கும் மேலாக, பிற சோர்வுகளிலிருந்து இதனைப் பிரித்துக் காட்டும் குறி ஒன்று உண்டு. சிற்றளவு உழைப்புக்குப் பின்னும் உடல் வீழ்ந்துவிடுவதே அது. அவ்வீழ்ச்சி உடனே நேர்வதன்று. பல மணி நேரம் கழித்தோ மறுநாளோ வரும். நாட்கணக்கிலும், சிலருக்கு வாரக்கணக்கிலும் நீடிக்கும். கடும் நோயாளிக்கு ஒரு குளியலும், அரைமணி நேர உரையாடலும் அவ்வீழ்ச்சிக்குப் போதும்.

அமெரிக்காவின் இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் 2015இல் வெளியிட்ட அறிக்கை, அந்நாட்டில் 8,36,000 முதல் 25 இலட்சம் பேர் வரை இந்நோயால் வருந்துவதாகவும், அவர்களுள் நாலில் ஒரு பங்கினராவது ஏதேனும் ஒரு காலத்தில் வீட்டுக்குள்ளோ படுக்கையிலோ முடங்குவதாகவும், பெரும்பாலோருக்கு நோய் இன்னதென்றே கண்டறியப்படவில்லை என்றும் கூறியது. அதே ஆண்டில் டென்மார்க்கில் வெளிவந்த ஓர் ஆய்வு, வாழ்க்கைத் தரத்தை அளந்து வேறு 20 நோய்களோடு ஒப்பிட்டது. ஒப்பிட்டவை அனைத்தினும் தாழ்ந்து நின்றது இந்நோயே. இவ்வளவு கொடிய ஒன்றை 'சோர்வு' என்ற எளிய சொல்லால் அழைத்ததில் தொடங்கி, பிழைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டன.

வரலாறு இலண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் திருப்பம் கொள்கிறது. 1955 ஜூலையில் அங்கே ஒரு புதிய நோய் பரவியது. மருத்துவர், செவிலியர், அலுவலர் என 292 பணியாளர்கள் நோயுற்றனர். 255 பேர் உள்நோயாளிகளாகச் சேர்க்கப்பட்டனர். மருத்துவமனையே அக்டோபர் வரை மூடப்பட்டது. காய்ச்சல் சிறிதாக இருந்தது. துன்பமோ பெரிதாக இருந்தது. அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்து மருத்துவமனையில் 1934இலும், ஐஸ்லாந்தின் ஆகுரேரி நகரில் 1948இலும் இதனை ஒத்த பரவல்கள் நிகழ்ந்திருந்தன. 1956இல் லான்செட் இதழின் தலையங்கம் ஒன்று இதனைப் புதிய நோயாகக் கருத இடமுண்டு என்று எழுதி, மயால்ஜிக் என்செபலோமைலிடிஸ் என்னும் பெயரைப் பரப்பியது. அதனை எழுதியவர் பிற்காலத்தில் இங்கிலாந்தின் தலைமை மருத்துவ அதிகாரியான டொனால்ட் அச்சிசன். ராயல் ஃப்ரீயின் தொற்றுநோய் மருத்துவர் மெல்வின் ராம்சே நோயாளிகளைப் பல்லாண்டு தொடர்ந்து கண்டார். சிறு உழைப்புக்குப் பின் தசைகள் இழந்த வலிமையை மீளப்பெற மூன்று, நான்கு, ஐந்து நாட்களோ அதற்கு மேலோ ஆவதை நோயின் தலையாய குறியாக அவர் பதிந்து வைத்தார். உலகச் சுகாதார நிறுவனம் 1969இல் நோய்களை வகைப்படுத்தியபோது இதனை நரம்பு மண்டல நோய்களுள் சேர்த்தது.

அடுத்த ஆண்டே நிலை மாறியது. 1970 ஜனவரியில் மெக்கெவிடி, பியர்டு என்னும் இரு மனநல மருத்துவர்கள் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதிய கட்டுரை, ராயல் ஃப்ரீயில் நிகழ்ந்தது கூட்டு ஹிஸ்டீரியா என்று முடிவு கட்டியது. நோயாளிகளை அவர்கள் நேரில் ஆராயவில்லை. பதினைந்து ஆண்டுக்கு முந்திய மருத்துவக் குறிப்பேடுகளையே புரட்டினர். பெண்களே மிகுதியும் பாதிக்கப்பட்டனர் என்பதும், ஆய்வுக்கூடச் சோதனைகளில் பெரிதாக ஒன்றும் தென்படவில்லை என்பதும் அவர்கள் காட்டிய காரணங்களுள் சில. பெண்களைக் கூடுதலாகத் தாக்கும் உடல்நோய்கள் பல உண்டு என்பதை மருத்துவம் அன்றும் அறிந்திருந்தது. ஆயினும் அத்தீர்ப்பு நிலைத்தது. படுக்கையருகே நின்று கண்டவரின் சொல்லைக் குறிப்பேட்டைப் படித்தவரின் சொல் வென்றது.

1984ஐ ஒட்டி அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் தாஹோ ஏரிக்கரை ஊரான இன்க்லைன் வில்லேஜில் மீண்டும் ஒரு பரவல் தோன்றியது. அதன் விளைவாக நோய்க் கட்டுப்பாட்டு மையமாகிய சி.டி.சி. 1988இல் ஒரு வரையறையை வகுத்தது. நாட்பட்ட சோர்வு நோய்க்குறித்தொகுதி என்ற பெயரும் அப்போதுதான் நிலைபெற்றது. 'யப்பி ஃப்ளூ' என்று ஏடுகள் எள்ளின; வசதி படைத்த இளைஞர்களின் கற்பனை நோய் என்பது அதன் பொருள். 1991இல் ஆக்ஸ்ஃபோர்டு வரையறை வந்தது. ஆறு மாதச் சோர்வு தலையாய குறியாக இருந்தால் அதற்குப் போதும். உழைப்புக்குப் பிந்திய வீழ்ச்சி இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 1994இன் அமெரிக்க வரையறையும் அவ்வீழ்ச்சியை எட்டுக் குறிகளுள் ஒன்றாக வைத்ததேயன்றி இன்றியமையாததாக ஆக்கவில்லை. நோயின் உயிர்நாடியான குறி இல்லாதவரும் நோயாளியாக எண்ணப்பட்டனர். மனச்சோர்வால் களைத்தவரும் இவரோடு ஒரே வரிசையில் நிறுத்தப்பட்டனர். வரையறை தளர்ந்தால் அதன்மேல் எழும் ஆய்வும் தளரும். இது அறிவியலின் பாலபாடம்.

அரசுகளின் மனநிலையும் வேறாக இல்லை. 1995 முதல் 1998 வரை இந்நோய் ஆய்வுக்கென ஒதுக்கப்பட்ட நிதியில் 88 இலட்சம் டாலரைச் சி.டி.சி. வேறு பணிகளுக்குச் செலவிட்டது என்பதையும், இன்னும் 41 இலட்சம் டாலருக்குத் தக்க கணக்கு இல்லை என்பதையும் 1999இல் அமெரிக்கச் சுகாதாரத் துறையின் தலைமைக் கண்காணிப்பாளர் வெளிப்படுத்தினார். நோயே பொய் என்று கருதிய இடத்தில், அதற்கு ஒதுக்கிய பணம் இடம் மாறியதில் வியப்பில்லை.

பிரித்தானியாவில் இதற்கிடையே ஒரு கொள்கை வேர்விட்டது. அதனைத் திரிக்காமல் சொல்லுதல் கடமை. நோய் ஒரு தொற்றால் தொடங்கியிருக்கலாம். ஆனால் அது நீடிப்பதற்குக் காரணம் தொற்றன்று. உழைத்தால் கேடு வரும் என்று நோயாளி அஞ்சி ஓய்வில் கிடக்கிறார். ஓய்வால் உடல் மேலும் தளர்கிறது. தளர்ச்சியை நோயின் பெருக்கமாகக் கொண்டு மேலும் அஞ்சுகிறார். இவ்வாறு சுழலும் வட்டத்தை உடைத்தால் நலம் திரும்பும். அஞ்சும் எண்ணத்தை மாற்ற எண்ணம்–நடத்தைச் சிகிச்சை. தளர்ந்த உடலை மீட்கப் படிப்படியாகக் கூட்டும் உடற்பயிற்சி. இக்கொள்கையை வகுத்தவர்கள் நோயாளிகளை வெறுத்தவர்கள் அல்லர். கைவிடப்பட்ட ஒரு கூட்டத்துக்குச் சிகிச்சை என்று ஏதேனும் ஒன்றை அளிக்க முன்வந்தவர்கள் அன்று அவர்களே. தேசியச் சுகாதாரப் பணிக்கு வழிகாட்டும் நைஸ் நிறுவனம் 2007இல் இவ்விரு சிகிச்சைகளையும் பரிந்துரைத்தது.

அக்கொள்கையை உரைத்துப் பார்க்க எழுந்ததே பேஸ் ஆய்வு. 641 நோயாளிகள், ஏறத்தாழ 50 இலட்சம் பவுண்டு செலவு. மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தோடு, உதவித்தொகை வழங்கும் வேலை மற்றும் ஓய்வூதியத் துறையும் பணம் தந்தது. பீட்டர் வைட், ட்ரூடி சால்டர், மைக்கேல் ஷார்ப் ஆகிய மூவர் தலைமை தாங்கினர். 2011இல் லான்செட் முதல் முடிவை வெளியிட்டது. 2013இல் மற்றோர் இதழ், இவ்விரு சிகிச்சைகளுள் ஏதேனும் ஒன்றைப் பெற்றோரில் 22 விழுக்காட்டினர் நலமடைந்தனர் என்று வெளியிட்டது. சிறப்பு மருத்துவக் கவனிப்பு மட்டும் பெற்றோரில் அத்தொகை 7 விழுக்காடு. பயிற்சி செய்தால் இந்நோய் தீரும் என்று செய்தித்தாள்கள் முழங்கின.

அந்த 22 எவ்வாறு பிறந்தது என்பதில்தான் இப்பூசலின் கரு இருக்கிறது. நோயாளியின் உடல்திறனை அவரே நிரப்பும் வினாத்தாள் ஒன்றால் நூற்றுக்கு அளந்தனர். 65 அல்லது அதற்குக் குறைவாகப் பெற்றவரே நோயாளியாகச் சேர்த்துக்கொள்ளப்பட்டார். நலமடைந்தவர் எனக் கொள்ள 85 வேண்டும் என்பது முதலில் வகுத்த திட்டம். 2013இன் கட்டுரையில் அவ்வெல்லை 60 ஆயிற்று. எனவே 65 மதிப்பெண்ணோடு நோயாளியாக நுழைந்த ஒருவர், ஓராண்டுச் சிகிச்சைக்குப் பின் 60க்குத் தாழ்ந்தாலும், இந்த ஓர் அளவையைப் பொறுத்தவரை நலமடைந்தவரே. பங்கேற்றோருள் ஏறத்தாழ 13 விழுக்காட்டினர் சேர்ந்த நாளிலேயே இந்த எல்லையை எட்டியிருந்தனர். நெல்லை வாங்கும்போது ஒரு மரக்காலும் விற்கும்போது வேறொரு மரக்காலும் வைத்திருக்கும் கடையைச் சந்தையில் எவரும் பொறுப்பதில்லை. மருத்துவத்தின் முதன்மையான இதழ்கள் பொறுத்தன.

குறை அவ்வொன்றோடு நிற்கவில்லை. இத்தகைய சிகிச்சையில் தாம் பெறுவது இன்னதென்று நோயாளிக்குத் தெரியும், மறைக்க இயலாது. மறைக்க இயலாத ஆய்வில், நோயாளியின் சொந்த மதிப்பீட்டை மட்டும் நம்புவது ஆபத்து. அதிலும், 'உன் உடல்குறிகளைப் பெரிதாக எண்ணாதே' என்று பயிற்றுவதே சிகிச்சையாக இருக்கும்போது, முடிவில் 'உன் உடல்குறி எவ்வாறு உள்ளது' என்று கேட்டால் சிகிச்சை மாற்றியது உடலையா, விடையையா என்பதை அறிய வழியில்லை. புறநிலை அளவைகளோ வேறு கதை சொல்லின. பயிற்சிச் சிகிச்சை பெற்றோர் ஓராண்டு முடிவில் ஆறு நிமிடத்தில் சராசரியாக நடந்த தொலைவு 379 மீட்டர். கவனிப்பு மட்டும் பெற்றோர் 348 மீட்டர். அவ்வேறுபாடு சிறிது, அந்தத் தொலைவோ நலமுடையவர் நடப்பதற்கு நெடுந்தொலைவு பின்தங்கியது. இரண்டரை ஆண்டு கழித்துப் பார்த்தபோது குழுக்களுக்கிடையே வேறுபாடே மறைந்திருந்தது.

இவற்றை முதலில் கண்டு சொன்னவர்கள் நோயாளிகள். படுக்கையில் இருந்தபடி புள்ளியியல் பயின்று அட்டவணைகளை வரிவரியாகச் சோதித்தவர்கள் அவர்களே. 2015இல் டேவிட் டுல்லர் என்னும் இதழாளர் அக்குறைகளைத் தொகுத்து நெடிய கட்டுரைகளாக எழுதிய பிறகே பிற அறிவியலாளர் திரும்பிப் பார்த்தனர். ஆஸ்திரேலிய நோயாளி ஒருவர் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் அடையாளம் நீக்கிய தரவுகளைக் கேட்டார். இலண்டன் குயீன் மேரி பல்கலைக்கழகம் மறுத்தது. தகவல் ஆணையர் தரச் சொன்ன பிறகும் தீர்ப்பாயம் வரை சென்று 2 இலட்சம் பவுண்டுக்கு மேல் வழக்குக்குச் செலவிட்டது. 2016 ஆகஸ்டில் தீர்ப்பாயம் நோயாளியின் பக்கம் தீர்ப்பளித்தது. வெளிவந்த தரவுகளை முதலில் வகுத்த எல்லையைக் கொண்டு அளந்தபோது, 22 விழுக்காடு என்பது எண்ணச் சிகிச்சைக்கு 7ஆகவும் பயிற்சிச் சிகிச்சைக்கு 4ஆகவும் சுருங்கியது. கவனிப்பு மட்டும் பெற்றோரில் அது 3. வேறுபாடு புள்ளியியல் நோக்கில் பொருட்படுத்தத் தக்கதன்று.

முடிவுகளைக் காணுமுன்பே அளவையை மாற்றினோம், மக்கள்தொகைச் சராசரியை நோக்கியே மாற்றினோம் என்பது ஆய்வாளர் தரும் மறுமொழி. அவர்தம் நேர்மையை நாம் ஐயுறவில்லை. ஆனால் நோக்கம் தூயதாக இருப்பதால் அளவை நேராகிவிடாது. நோயாளியாகத் தகுதிபெறவும் நலமடைந்தவராகத் தகுதிபெறவும் ஒரே மதிப்பெண் போதும் என்ற நிலை எந்த விளக்கத்தாலும் நிமிராது. லான்செட் தன் 2011ஆம் ஆண்டுக் கட்டுரையை இன்றளவும் திரும்பப் பெறவில்லை. இதனோடு மற்றொன்றையும் சொல்லியாக வேண்டும். இத்துறை ஆய்வாளர் சிலருக்கு மிரட்டல்கள் வந்தன. அவை கண்டிக்கத் தக்கவை. எனினும் மிரட்டியவர் சிலரைக் காட்டி, வாதிட்ட பலரையும் வெறியர் என்று ஒதுக்கியது நேர்மையான விடையாகாது. அட்டவணையில் பிழை இருந்தால், அதைச் சுட்டியவரின் குணம் எத்தகையதாயினும் பிழை பிழையே.

நேர்மையான ஆய்வு எவ்வாறு இருக்கும் என்பதையும் இந்நோயின் வரலாறே காட்டுகிறது. நார்வே நாட்டின் பெர்கன் நகரில் ஃப்ளூகே, மெல்லா என்னும் புற்றுநோய் மருத்துவர் இருவர், புற்றுக்கு மருந்து பெற்ற சோர்வு நோயாளி ஒருவர் சோர்விலிருந்தும் தேறியதைத் தற்செயலாகக் கண்டனர். ரிட்டக்சிமாப் என்னும் மருந்தைக் கொண்டு முப்பது பேரிடம் நடத்திய சிற்றாய்வு 2011இல் பெரும் நம்பிக்கை அளித்தது. உலகெங்கும் நோயாளிகள் அவர்களைக் கொண்டாடினர். அவர்களோ 151 பேரைக் கொண்டு, மருந்து பெறுபவர் யார், வெற்றுக் கரைசல் பெறுபவர் யார் என்பதை நோயாளியும் மருத்துவரும் அறியாதவாறு பேராய்வு நடத்தினர். பயன் இல்லை என்று முடிவு வந்தது. 2019இல் அதனை ஒளிக்காமல் வெளியிட்டனர். எல்லை எதனையும் தளர்த்தவில்லை. தம் கருத்துத் தோற்றதைத் தாமே உலகுக்கு அறிவித்தனர். அத்தோல்வியால் இத்துறை ஒன்றும் இழக்கவில்லை. அவர்கள் சொல்லுக்கு இன்றும் மதிப்புண்டு.

நோயாளிகளின் பக்கமும் தடுமாற்றம் நேர்ந்தது. 2009 அக்டோபரில் சயன்ஸ் இதழ், எக்ஸ்.எம்.ஆர்.வி. என்னும் வைரஸ் நோயாளிகளுள் 67 விழுக்காட்டினரின் குருதியில் இருப்பதாக ஒரு கட்டுரை வெளியிட்டது. உடல்நோய்தான் என்பதற்குச் சான்று கிடைத்துவிட்டதென மகிழ்ந்த சிலர், எய்ட்ஸ் மருந்துகளையும் உட்கொள்ளத் தொடங்கினர். அவ்வைரஸ் ஆய்வுக்கூடக் கலப்படத்தின் விளைவு என்பது பின்னர்த் தெளிந்தது. 2011 இறுதியில் சயன்ஸ் அக்கட்டுரையை நீக்கியது. நமக்கு இனியதாக இருப்பது ஒன்றே ஒரு முடிவுக்குச் சான்றாகாது என்னும் விதி நோயாளிக்கும் உரியது. ஆயினும் இரு நிகழ்ச்சிகளையும் அருகருகே வைத்துக் காண்க. நோயாளிகளுக்கு உவப்பான பிழை ஈராண்டில் களையப்பட்டது; மருத்துவர்க்கு உவப்பான பிழை பத்தாண்டு கடந்தும் காக்கப்பட்டது.

நைஸ் நிறுவனம் சான்றுகளை மீண்டும் ஆராய்ந்தபோது, இவ்விரு சிகிச்சைகளுக்கும் காட்டப்பட்ட சான்றுகளைத் தரத்தில் 'குறைவு' அல்லது 'மிகக் குறைவு' என்று மதிப்பிட்டது. அதற்கு முன்பே, 2017இல், அமெரிக்கச் சி.டி.சி. தன் பரிந்துரைகளை அகற்றியிருந்தது. நைஸின் புதிய வழிகாட்டி 2021 ஆகஸ்ட் 18ஆம் நாள் வெளிவர வேண்டும். மருத்துவ அமைப்புகளின் எதிர்ப்பால் அதற்கு முந்தைய நாள் நிறுத்தப்பட்டது. பேச்சுக்குப் பின் அக்டோபர் 29ஆம் நாள் வெளிவந்தது. கூட்டிக்கொண்டே செல்லும் பயிற்சியை அளிக்கலாகாது. எண்ணச் சிகிச்சையை நோய் தீர்க்கும் முறையாகக் கொள்ளலாகாது, துணையாக மட்டும் அளிக்கலாம். நோயாளி தன் ஆற்றலின் எல்லைக்குள் வாழத் துணைபுரிய வேண்டும். உழைப்புக்குப் பிந்திய வீழ்ச்சி இன்றி இந்நோயை உறுதிசெய்யலாகாது என்பன அதன் சாரம். பழைய கொள்கையினர் அடங்கிவிடவில்லை. சான்றுகளை எடைபோட்ட முறையே கோணலானது என்று 2023இல் பலர் கூடி எழுதினர், நைஸ் மறுத்தது. வாதம் தொடரட்டும். ஆனால் பயன் உண்டு என்று மெய்ப்பிக்கும் சுமை சிகிச்சையை அளிப்பவருடையது. தீங்கு நேர்ந்தது என்று மெய்ப்பிக்கும் சுமையை நோயாளியின் தலையில் ஏற்றுவது முறையன்று.

ஏடுகளில் வாதம் நடந்துகொண்டிருந்த அதே 2021 அக்டோபரில், இங்கிலாந்தின் டெவன் மாவட்டத்தில் 27 வயதுப் பெண் ஒருவர் இந்நோய் முற்றி, உணவு கொள்ள இயலாமல், ஊட்டமின்றி உயிரிழந்தார். அவ்வாண்டில் மூன்று முறை மருத்துவமனையில் சேர்க்கப்பட்டும் அவரைக் காக்க இயலவில்லை. 2024இல் விசாரணை நடத்திய மரண விசாரணை அதிகாரி, கடும் எம்.ஈ. நோயாளிகளுக்கென நாட்டில் எங்கும் ஒரு சிறப்புப் படுக்கைகூட இல்லை என்றும், மருத்துவர்க்கு இந்நோய் பற்றிய பயிற்சி இல்லை அல்லது மிகக் குறைவு என்றும் அரசுக்கு எழுதினார். இத்தகைய இறப்புகள் இனியும் நேரலாம் என்ற எச்சரிக்கையே அந்த அறிக்கையின் பொருள். ஒரு நோயை ஐம்பதாண்டுகள் ஐயத்தோடு மட்டும் நோக்கிய நாட்டில், அந்நோய் உயிரைக் குடிக்கும் நிலையை எட்டும்போது எதிர்கொள்ளும் ஆயத்தம் இல்லாமற் போனதில் வியப்பென்ன?

இங்கு ஒரு தெளிவு வேண்டும். மனநோய் என்பது இழிவன்று. உடலும் மனமும் தனித்தனி நாடுகளும் அல்ல. உடல்நோயில் வாடுபவருக்கு மன ஆறுதல் தரும் சிகிச்சை நலம் பயக்கும் என்பதில் நமக்கு ஐயமில்லை. நாம் மறுப்பது வேறு. சோதனையில் ஒன்றும் தென்படவில்லை என்பதை மனமே காரணம் என்பதற்குச் சான்றாக்குவதை மறுக்கிறோம். சோதனை போதாமையும் அதற்குக் காரணமாகலாம். மனமே காரணம் என்று கூறுபவரும், பிற காரணம் கூறுபவரைப் போலவே, தம் கூற்றைச் சான்றால் நிறுவக் கடமைப்பட்டவர். வேறொன்றும் கிடைக்காதபோது எஞ்சும் இடத்தை மனத்துக்கு ஒதுக்குவது உளவியலுக்கும் மதிப்புத் தருவதாகாது.

சான்றுகள் இப்போது மெல்லச் சேர்கின்றன. ஆஸ்திரேலியாவின் டப்போ வட்டாரத்தில் மூவகைத் தொற்றுக்கு ஆளான 253 பேரைத் தொடக்கம் முதல் தொடர்ந்த ஆய்வு 2006இல் வெளிவந்தது. ஆறு மாதம் கழித்தும் அவர்களுள் 11 விழுக்காட்டினர் நாட்பட்ட சோர்வு நோயின் வரையறைக்குள் நின்றனர். அதனை முன்கூட்டிக் காட்டியது தொடக்க நோயின் கடுமையே, மனநிலையன்று. 2024இல் ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர், உழைப்புக்குப் பின் வீழும் நெடுங்கோவிட் நோயாளிகளின் தசையை உழைப்புக்கு முன்னும் பின்னும் எடுத்து நோக்கி, உழைப்பின் பின் கேடு மிகுவதைக் கண்டனர். 2025 ஆகஸ்டில் எடின்பரோ பல்கலைக்கழகம் தலைமை தாங்கிய டீகோட்எம்ஈ ஆய்வு, 15,579 நோயாளிகளின் மரபணுத் தொகுதியை இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்ட பிறரோடு ஒப்பிட்டு, எட்டு இடங்களில் வேறுபாடு கண்டது. அவற்றுட் சில நோய் எதிர்ப்போடும் நரம்பு மண்டலத்தோடும் தொடர்புடைய மரபணுக்களை அடுத்துள்ளன. இவை இறுதி விடைகள் அல்ல. ஒவ்வொரு வேறுபாடும் சிறிது, நோயைக் கண்டறியும் சோதனை இவற்றிலிருந்து இன்னும் பிறக்கவில்லை, சிகிச்சையும் பிறக்கவில்லை. எக்ஸ்.எம்.ஆர்.வி. கற்பித்த நிதானம் இங்கும் வேண்டும்.

இவ்வாதத்தை மேலை நாட்டுக்கே உரியதாக இனி எவரும் ஒதுக்க இயலாது. கோவிட் தொற்றுக்குப் பின் நீடிக்கும் துன்பத்தில் வாடுவோருள் ஒரு பகுதியினர், உழைப்புக்குப் பிந்திய வீழ்ச்சி உட்பட, இந்நோயின் வரையறைக்குள் வந்து நிற்கின்றனர். அத்தொற்று இந்தியாவில் நுழையாத ஊரில்லை. ஆயினும் நம் நாட்டில் இரட்டைக் கவனம் வேண்டும். கோவாவில் ஏறத்தாழ 2,500 பெண்களிடம் நடத்தி 2005இல் வெளியிட்ட ஆய்வு, அவர்களுள் 12 விழுக்காட்டினர் ஆறு மாதத்துக்கு மேற்பட்ட சோர்வைக் கூறுவதைக் கண்டது; அது கடன், பசி, கணவனின் பாலியல் வன்முறை, மனத்துயர் ஆகியவற்றோடு பிணைந்திருந்தது. அச்சோர்வும் மெய்யே, அதற்கு மருந்து வேறு. வறுமையின் களைப்பையும் தொற்றின் விளைவான வீழ்ச்சியையும் ஒரே பெயரில் அடைத்தால் இருசாராரும் கைவிடப்படுவர். 'உழைத்த மறுநாள் என்ன ஆகிறது' என்னும் ஒரு வினாவை மருத்துவர் கேட்டாலே இரண்டையும் பிரிக்கும் வழி தொடங்கிவிடும். அவ்வினாவை மருத்துவ மாணவர்க்குக் கற்பிக்கப் பெரும் பணம் வேண்டியதில்லை.

எனவே நாம் வேண்டுவன இவை. உழைப்புக்குப் பிந்திய வீழ்ச்சியைக் கட்டாயமாகக் கொள்ளாத வரையறைகளின்மேல் எழுந்த ஆய்வுகளை இந்நோய்க்குச் சான்றாக இனிக் காட்டலாகாது. பொதுப் பணத்தில் நடந்த ஆய்வின் தரவுகளைக் கேட்டுப் பெற ஒரு நோயாளி தீர்ப்பாயத்தின் படியேறும் நிலை மீண்டும் வரலாகாது; அடையாளம் நீக்கிய தரவுகள் முடிவோடு சேர்ந்தே வெளிவர வேண்டும். முதலில் வகுத்த அளவையை மாற்றினால், பழைய அளவையின் முடிவையும் புதியதன் முடிவையும் ஒரே அட்டவணையில் அச்சிட வேண்டும்.

இவற்றினும் இன்றியமையாதது ஒன்று எஞ்சுகிறது. மருந்தால் விளையும் தீங்கைப் பதிவு செய்யப் பிரித்தானியாவில் மஞ்சள் அட்டை முறை உண்டு. பயிற்சியாலும் பேச்சாலும் அளிக்கும் சிகிச்சைக்கு அம்முறை பொருந்தாது. 2007 முதல் 2021 வரை ஓர் அரசு அமைப்பின் பரிந்துரையாக நின்ற சிகிச்சையைப் பெற்று நலிந்ததாக நோயாளிகள் பலர் தம் சங்கங்களிடம் தொடர்ந்து கூறினர். அதனைப் பதிய வேண்டிய அரசேடு எதுவும் இருக்கவில்லை. பதியப்படாததால், தீங்கு நேர்ந்ததற்குச் சான்றில்லை என்று கூறவும் எளிதாயிற்று. மருந்துக்குரிய அதே கண்டிப்போடு, மருந்தல்லாச் சிகிச்சைகளின் தீங்கையும் நோயாளியே பதியும் ஏற்பாட்டை எல்லா நாட்டு மருத்துவ ஆணையங்களும் நிறுவ வேண்டும். காரணம் கண்டறிய இன்னும் காலம் ஆகலாம். இவ்வேட்டைத் திறப்பதற்கு எந்த ஆய்வின் முடிவுக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.